மதகும் கலிங்கும்

2015 கார்த்திகையில் வெள்ளத்தில் மூழ்கியது சென்னை. 2019 ஆனியிலோ, அதற்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நீர்த்தேக்கங்கள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. இவ்விரண்டு ஆண்டின் மழையையும் கூட்டி வகுத்து, நடுவளவு மழை உண்டெனத் திட்டம் தீட்டுவோமாயின், அக்கணக்கு எவர் குடத்தை நிரப்பும்? எவர் வீட்டைக் காக்கும்?

புவி வெம்மையுறுகின்றது. ஒரு பாகை செல்சியசு வெப்பம் கூடினால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியாக நீராவியை ஏற்கும். எனவே பெய்யுங்கால் கொட்டித் தீர்க்கும். பொய்க்குங்கால் நிலத்தின் ஈரத்தையும் உறிஞ்சும். இனிப் பழைய மழைக்கணக்கு மட்டும் வழிகாட்டாது.

ஒரே ஏரிக்கரையில் வயலுக்கு மதகும் மிகைநீருக்குக் கலிங்கும் அமைத்தனர் நம் முன்னோர். அவ்விரு நோக்கும் அரசின் நீர்த்திட்டம் ஒவ்வொன்றிலும் அமைதல் வேண்டும். ஏரியைத் தூர்த்துவிட்டு வானைப் பழித்தல் அறிவுடைமையாகாது!