உள்ளூர் சுவைக்கு ஊர் தாண்ட வேண்டுமா?



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், நண்பர்களோடு காரில் பெங்களூரு போகத் திட்டம் போட்டிருக்கிறான். 300 கி.மீ.க்கு மேல். கடையிலேயே பீர் காய்ச்சித் தரும் இடங்கள் நான்கு, கூடவே அந்தந்த இடத்து 'உள்ளூர்ச் சாப்பாடு'. கேட்டால், "கிராஃப்ட் பீர் ஒரு கலாச்சாரம் மாமா" என்கிறான்.

எது உள்ளூர்? அந்த பீருக்கு மணமும் கசப்பும் தரும் ஹாப்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நம் மாவட்டத்தில் நிற்கும் பனையோ தமிழ்நாட்டின் மாநில மரம். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள். கள்ளுக்கு 1987 முதல் தடை. இறக்கினால் பனையேறி மேல் வழக்கு. ஆனால் 2003 முதல் அரசே டாஸ்மாக் வைத்து பிராந்தி விற்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடைச் சாப்பாட்டுக்கென்றே சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். கார் வைத்திருப்பவன் குடித்தால் கலாச்சாரம், பனையேறி இறக்கினால் குற்றமா?

யாரையும் நான் குடிக்கச் சொல்லவில்லை. கெடுதி என்றால் எல்லாமே கெடுதிதான். ஏழையின் கலயத்தை மட்டும் உடைப்பது நியாயமில்லை என்கிறேன்.

இன்னொன்று. நான்கு கடை ஏறி இறங்கிய பிறகு வண்டியை யார் ஓட்டுவது? 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால் தாண்டினாலே சட்டப்படி குற்றம்.

மாப்பிள்ளை, பழவேற்காட்டுக்கு வா. ஏரி இறாலும் நண்டும் சாப்பிடலாம். வெயில் காலமென்றால் விடியற்காலைப் பதநீரும் வாங்கித் தருகிறேன். திரும்பும்போதும் நீயே வண்டி ஓட்டலாம்.