வேலிகாத்தானை வெட்டியாச்சு... அப்புறம்?

சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை போகும் ரயிலில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் அடுத்து எளாவூர். ஒரு பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலை, சோதனைச் சாவடியில் வரிசை கட்டும் லாரிகள். கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. தெற்கே சிப்காட் புகைபோக்கிகள். இந்த வட்டாரத்தில் ஏரிக்கரை, சாலையோரம், விற்காமல் கிடக்கும் மனை என்று எங்கே இடம் கிடைத்தாலும் முளைத்து நிற்கும் ஒரு முள்மரம் உண்டு. ஊர்க்காரர்கள் வேலிகாத்தான் என்பார்கள். தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலம். வடக்கே போனால் விலாயதி கீகர்.

இதை ஒழிக்க வேண்டும் என்பதில் பெரும்பாலும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஜேசிபி வருகிறது, ஒரே வாரத்தில் ஏரி பளிச்சென்று ஆகிறது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தாகிவிட்டது. இரண்டு மழை கழித்து அதே ஏரிக்குப் போய்ப் பாருங்கள். முன்பு தனித்தனி மரமாக நின்ற இடத்தில் இப்போது புதராக மண்டியிருக்கும். ஏன் இப்படி?

நாம்தான் அழைத்து வந்தோம்

இதன் சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும். 1877-ல் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பா பகுதியில் விதைக்கப்பட்டன. அதற்கு வழி செய்தவர் வனத்துறை அதிகாரி பெட்டோம். காரணம் விறகுப் பஞ்சம். தண்ணீர் இல்லாத நிலத்திலும் உப்பு மண்ணிலும் வளரும், சீக்கிரம் வளரும், நன்றாக எரியும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? சுதந்திரத்துக்குப் பிறகும் வறண்ட மாவட்டங்களில் இதை ஊக்குவித்தார்கள். எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இதனால்தான். ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

பிரச்னை அதன் காய்களில் தொடங்குகிறது. இனிப்பான மஞ்சள் காய்களை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். உள்ளே இருக்கும் கெட்டி விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து, எருவோடு சேர்ந்தே முளைக்கும். மேய்ச்சல் போகும் இடமெல்லாம் நாற்றங்கால்தான். கென்யாவில் இந்தக் காயைத் தின்று தின்று ஆடுகளின் பற்கள் சொத்தையாகி விழுந்ததால், மேய்ச்சல் மக்கள் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். சாட்சியாகப் பல் இல்லாத ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போன கதை உலகச் செய்தியானது.

வாட்ஸ்அப்பில் வருவது எல்லாம் உண்மையா?

உங்கள் குடும்ப குரூப்பிலும் வந்திருக்கும். 'காற்றில் இருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும்', 'இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும்', 'பறவை கூடு கட்டாது'. முதல் இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. மூன்றாவது தவறு. கண்மாய்களில் நிற்கும் சீமைக் கருவேலத்தில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது பதிவாகியிருக்கிறது.

இப்படி மிகைப்படுத்தாமலே சொல்ல வேண்டிய குற்றச்சாட்டுகள் நிறைய உண்டு. ஆழமாக வேர் விட்டு நிலத்தடி நீரை எடுக்கிறது. ஏரிக்குள் அடர்ந்து நீர் வரத்தை மறிக்கிறது. உதிரும் இலைகளில் உள்ள வேதிப்பொருள்கள் மற்ற செடிகளின் விதை முளைப்பதைத் தடுக்கின்றன. மேய்ச்சல் புல் போய்விடுகிறது. இவை போதும், மாட்டை மலடாக்க வேண்டியதில்லை.

நீதிமன்றம் வரை போனது

வைகோ உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்குகளில், 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றக் கெடு விதித்தது. மாவட்டம் மாவட்டமாக ஜேசிபிகள் இறங்கின. அதே ஆண்டு, அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டலாமா என்று இன்னொரு வழக்கு வர, இடைக்காலத் தடை விழுந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு ஊடுருவும் அயல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று அகற்றுவது, மற்றொன்று காட்டை மீட்பது. ஊர்ப்பக்கம் பெரும்பாலும் நடப்பது முதல் வேலை மட்டும்.

டெல்லியில் ஒரு பேராசிரியர்

இரண்டாவது வேலையைப் பற்றிப் பல ஆண்டுகளாக யோசித்தவர் டெல்லிப் பல்கலைக்கழகச் சூழலியலாளர் சி.ஆர்.பாபு. கார்பெட் புலிகள் காப்பகத்தில் உண்ணிச்செடி பெரிய தலைவலியாக இருந்தது. வெட்டினால் துளிர்த்தது, எரித்தாலும் துளிர்த்தது. பாபுவும் அவரது குழுவினரும் அந்தச் செடி எங்கிருந்து துளிர்க்கிறது என்று பார்த்தார்கள். தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான். அதனால் மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடச் சொன்னார்கள். மண்வெட்டி மாதிரி ஒரு கருவி போதும், மண்ணும் அதிகம் கலையாது. முளைத்து வரும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்கி, அந்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை வளர்த்தார்கள்.

டெல்லியின் மலைக்காட்டில் நிற்கும் சீமைக் கருவேலத்துக்கு அவர் சொன்ன வழி வேறு. முழு மரத்தையும் சாய்க்க வேண்டாம். கிளைகளைக் கழித்துக் குடையை மேலே தூக்கி, கீழே வெளிச்சம் விழச் செய்யுங்கள். அங்கே உள்ளூர் மரக்கன்றுகளையும் கொடிகளையும் நடுங்கள். சீமைக் கருவேலத்துக்கு வெயில் வேண்டும். நம் மரங்கள் உயர்ந்து நிழல் கட்டினால் அது மெல்ல மெல்ல நலிந்துவிடும் என்பதே கணக்கு.

இங்கேதான் ஜேசிபி வேலையின் ஓட்டை தெரிகிறது. தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டை நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். வேரோடு தோண்டினாலோ, மண்ணில் பல ஆண்டுகள் தூங்கும் விதைகள் மேலே வந்து, கிளறிய மண்ணும் முழு வெயிலும் சேர்ந்து கிடைத்த சந்தோஷத்தில் முளைக்கும். வெற்றிடத்தை முதலில் பிடிப்பது எப்போதும் வேலிகாத்தான்தான். அதனால் வெட்டும் செலவைக் கணக்குப் போடும்போதே, அடுத்த இரண்டு மூன்று மழைக்காலங்களுக்குக் கன்று பிடுங்கும் கூலியையும் நடும் செலவையும் சேர்த்துப் போட வேண்டும். டெண்டரில் அது இல்லை என்றால் அதே ஏரிக்கு இன்னொரு டெண்டர் வரும், அவ்வளவுதான்.

வெட்டுகிறவர்களையும் மறக்கக் கூடாது. வட மாவட்டங்களில் மரம் வெட்டும் வேலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியிருந்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். கன்று பிடுங்குவதும் நாற்று வளர்ப்பதும் நியாயமான கூலியோடு பல வருடங்கள் தரக்கூடிய வேலை. அதை முதலில் யாருக்குத் தருவது என்பதற்கு இங்கேயே பதில் இருக்கிறது.

உங்கள் தெருவில், வயலில்...

* முதலில் ஆளைச் சரியாக அடையாளம் பாருங்கள். மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்த மாதிரிக் காயும் இருந்தால் அது நம் நாட்டுக் கருவேலம். விட்டுவிடுங்கள். வெளிர் மஞ்சளில் நீளமான பூக்கதிரும், வழவழப்பான நீளக் காயும் இருந்தால் சீமைக் கருவேலம்.

* மழை பெய்து மண் இளகியதும் கன்றுகளைக் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். ஒரு சாண் உயரத்தில் நிமிடத்தில் முடியும் வேலை, மூன்று வருடம் விட்டால் இயந்திரம் கேட்கும்.

* பெரிய மரத்தை வெட்டுவதானால் காய் பழுப்பதற்கு முன் வெட்டுங்கள். தரைக்குக் கீழே அடிக்கட்டையை எடுங்கள்.

* பழுத்த காய்களைப் பொறுக்கி, நன்றாக அரைத்த பிறகே ஆடு மாடுகளுக்குக் கொடுங்கள். விதையும் நொறுங்கிவிடும். அதையே முழுத் தீவனமாக்க வேண்டாம்.

* பிடுங்கிய இடத்தை அந்த மழைக்காலத்திலேயே நிரப்புங்கள். ஏரிக்கரைக்குப் பனை, புங்கன், நாவல். பழவேற்காடு பக்கத்து உப்புக் காற்றுக்குப் புன்னை, உகா.

பனங்கொட்டை கீழே விழும் ஆவணியும் புரட்டாசியும் இதற்குத் தோதான மாதங்கள். அதையடுத்து வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். உங்கள் ஊர் ஏரியில் இந்த வருடம் வேலிகாத்தான் வெட்டுகிறார்கள் என்றால், கிராம சபையில் எழுந்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "வெட்டின இடத்துல என்ன நடப் போறீங்க, அடுத்த வருஷம் யார் வந்து பார்ப்பாங்க?"