கத்தியை எடுப்பதற்கு முன்

அடி அண்ணாமலையிலிருந்து அறுபது வயது விவசாயி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெடுநாள் இருமல், சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் வலது மேல் மடலில் நிழல். சிபிநாட்டில் கிருமி இல்லை. ஆனாலும் காசநோய் மாத்திரை தொடங்கியாயிற்று. மாதங்கள் போனபின் சி.டி. எடுத்தால் 4 செ.மீ. கட்டி, பயாப்சியில் அடினோகார்சினோமா. பெட் ஸ்கேனில் நடுமார்புக் கணுக்களும் ஒளிர்கின்றன. "பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை" என்று சீட்டில் எழுதிவிடுகிறோம்.

நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். காசநோய் மலிந்த நாட்டில் காசநோய்க் கணுவும் பெட்டில் ஒளிரும். எபஸ் வழியாகவோ, அது போதாதபோது மீடியாஸ்டினோஸ்கோபி வழியாகவோ திசு எடுக்காமல் என்2 என்று முடிவுகட்டக் கூடாது. மறுபுறம், கட்டி 3 செ.மீ.க்கு மேலோ மையத்திலோ இருந்தால், பெட்டில் ஒளிராத கணுவையும் சோதிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, உடல் தாங்குமா என்பது. "14 கி.மீ. கிரிவலம் சுற்றுறேன் சார்" என்று அவர் சொன்னால் மகிழலாம், கேஸ் ஷீட்டில் அது மட்டும் போதாது. அறுவைக்குப் பின் எஞ்சும் எஃப்.இ.வி.1, டி.எல்.சி.ஓ. இரண்டும் 60 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கு வந்தால் துணிந்து செய்யலாம். ஏதேனும் ஒன்று அதற்குக் கீழே இறங்கி, இரண்டும் 30க்கு மேல் நின்றால் படியேற்றச் சோதனையோ ஷட்டில் நடையோ வேண்டும். 30க்கும் கீழே போனால் முழு உடற்பயிற்சிச் சோதனை. அதில் உச்ச ஆக்சிஜன் நுகர்வு கிலோவுக்கு நிமிடத்துக்கு 10 மி.லி.க்கும் குறைந்தால் மாற்று வழியே மேல். வயதை மட்டும் காட்டி மறுப்பது நியாயமல்ல.

எவ்வளவு எடுப்பது? 1933இல் எவார்ட்ஸ் கிரஹாம் ஒரு பக்க நுரையீரலையே அகற்றினார். 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, ஓரத்தில் உள்ள 2 செ.மீ.க்கு மிகாத கட்டிக்குச் செக்மென்டெக்டமியே போதும் என்று காட்டியது. நம் விவசாயிக்கு லோபெக்டமிதான் பொருத்தம். அதற்கு முன்பே இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. முடிவுகள் கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், முதலில் கீமோவுடன் இம்யூனோதெரபி கொடுப்பதையும் பேச வேண்டும். மயக்க மருந்தைத் தாங்காதவரின் சிறு கட்டிக்கு எஸ்.பி.ஆர்.டி. இருக்கிறது.

வேலூர், தாம்பரம், அடையாறு எதுவும் நமக்கு எட்டாத தூரமல்ல, சி.டி. படங்கள் போக நிமிடங்கள் போதும். நெஞ்சக அறுவை நிபுணர் ஒருவர் பார்க்காமல் "ஆபரேஷனுக்கு வழியில்லை" என்று எந்தச் சீட்டிலும் எழுத வேண்டாம்.