வாடகை வீட்டுக்கும் ஒரு பேட்டரி

மணலி துணைமின் நிலையத்தில் 2024 செப்டம்பர் 12 இரவு தீப்பிடித்தபோது சென்னையின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் இருட்டில் மூழ்கின. இன்வெர்ட்டர் இருந்த வீடுகளில் மின்விசிறி நிற்கவில்லை. மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் விவரம் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. இல்லாத வீடுகளில் புழுக்கமும் கொசுக்கடியுமாக, கையில் கிடைத்த அட்டையால் பிள்ளைகளுக்கு விசிறியபடி பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். மின்தடை எல்லோருக்கும் பொதுவானது. அதைத் தாங்கும் வசதி மட்டும் சிலருக்கே வாய்த்திருக்கிறது.

வடசென்னையில் கல்மண்டபம் பக்கம் போனால் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என நீளும் கடலோரத்தில் ஒண்டுக்குடித்தனங்களும் வாரியக் குடியிருப்புகளும் ஏராளம். விடியுமுன்னே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற பெண்ணுக்கு இரவு பத்து மணியிலிருந்து இரண்டு வரைதான் தூக்கம். அதில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் மறுநாள் பிழைப்பே கெட்டது. துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குபவருக்கு, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள் அதேபோலத்தான்.

இத்தனைக்கும் சென்னைக்கான மின்சாரம் இவர்களின் தலைமாட்டில்தான் உற்பத்தியாகிறது. 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்படும்வரை அதன் புகையைச் சுவாசித்தவர்கள் இவர்கள். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், அதையடுத்து வல்லூர் என இன்றைய நிறுவுதிறன் நாலாயிரம் மெகாவாட்டைத் தாண்டுகிறது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கிறது. சாம்பலைச் சுமக்கும் ஊர், கரண்ட் போகும் நேரத்தில் வீட்டுக்கு ஒரு மின்விசிறியாவது சுற்ற வேண்டும் என்று கேட்டால் அதைச் சலுகை என்று யாரும் சொல்ல முடியாது.

2012இல் சென்னைக்குத் தினமும் இரண்டு மணி நேரமும், மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கும் மின்வெட்டு இருந்தது. அந்த நிலை மாறிவிட்டது; அதற்கு உழைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். இன்று மின்சாரம் போவதற்குக் காரணங்கள் வேறு. கோடை இரவில் தெருவெங்கும் ஏசி ஓடும்போது டிரான்ஸ்பார்மர் தாங்குவதில்லை. வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும் இயந்திரம் புதைவடத்தை அறுத்துவிடுகிறது. மழையில் பில்லர் பாக்ஸைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால், யாருக்கும் ஷாக் அடித்துவிடக் கூடாதென்று ஊழியர்களே இணைப்பைத் துண்டிக்கிறார்கள்; அது சரியான முடிவு. புதைவடத்தில் பழுது என்றால் அது எந்த இடத்தில் என்று கருவி வைத்துத் தேடி, சாலையைத் தோண்டி, ஒட்டுப்போட்டு முடிக்க மணிக்கணக்கில் ஆகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல இடங்களில் நாள்கணக்கில் ஆனது. மின்வாரியம் எவ்வளவு திருந்தினாலும் இத்தகைய தடைகள் அடியோடு ஒழியப் போவதில்லை.

இன்வெர்ட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் ஒரு ஒண்டுக்குடித்தனத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம் இருக்கும். 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். உள்ளே இருப்பது அமிலம்; சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் காற்றோட்டம் வேண்டும்; அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். வயரிங்கில் கைவைக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் அடுத்த வீட்டுக்குப் போகும்போது அதைக் கழற்றிச் சுமந்துபோய் மறுபடி மாட்ட வேண்டும். எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாயாவது ஆகும்.

அரசின் கைகொடுப்பும் இந்த வீடுகளுக்கு எட்டுவதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கு மொட்டை மாடி சொந்தமாக இருக்க வேண்டும். இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. மின்வாரிய வலையமைப்போடு இணைந்து இயங்கும் சூரியத் தகடுகள், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காக, கரண்ட் போனதுமே தாமும் நின்றுவிடும். பேட்டரி இல்லாமல் மின்தடைக்கு அவை உதவாது. வரியிலும் இதே கதை. 2025 செப்டம்பர் 22 முதல் சூரியத் தகட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பேட்டரிக்கு 18 சதவீதம்.

வாடகை வீட்டுக்குத் தேவை கையில் தூக்கிப்போகக்கூடிய ஒரு பெட்டி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களால் ஆன, 300 வாட்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரி நான்கு கிலோவுக்குள் அடங்கிவிடும். நீர் ஊற்ற வேண்டாம், வயரிங் வேண்டாம், சுவர் பிளக்கில் செருகினால் போதும். 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி, ஒரு எல்இடி விளக்கு, ஒரு கைபேசி ஆகியவற்றை ஆறு மணி நேரத்துக்கு அது தாங்கும். பழைய 75 வாட் மின்விசிறி என்றால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே பெட்டியோடு விசிறியும் சேர்ந்து வர வேண்டும். முழுதாகச் சார்ஜ் செய்ய அரை யூனிட்கூட ஆகாது. பராமரித்தால் இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். இத்தகைய பெட்டிகள் கடைகளில் இல்லாமல் இல்லை. ஆனால் சுற்றுலாப் பயணிகளை மனத்தில் வைத்து விற்கப்படுவதால் பெரிய இன்வெர்ட்டரின் விலைக்கே அவை கிடைக்கின்றன.

தொழில்நுட்பத்துக்கு நாம் வெளியே கையேந்த வேண்டியதில்லை. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, இன்வெர்ட்டரே இல்லாமல் நேர்மின்னோட்டத்தில் வீட்டு விசிறியையும் விளக்கையும் இயக்கும் முறையை உருவாக்கி, ராஜஸ்தானின் ஜோத்பூர், ஜெய்சல்மேர் பக்கம் ஆயிரக்கணக்கான குடிசைகளுக்குக் கொடுத்தது. கிண்டியில் பிறந்தது கல்மண்டபத்துக்கு வந்துசேரவில்லை.

விலையைக் குறைக்கும் வழியும் தெரிந்ததுதான். எல்இடி பல்புகளை மத்திய அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தொடங்கியபோது, 2014இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. பேட்டரி அந்த அளவுக்கு இறங்காது. ஆனால் லட்சக்கணக்கில் ஒரே டெண்டரில் வாங்கும் அரசுக்குக் கிடைக்கும் விலை, ஒற்றை ஆளாகக் கடைக்குப் போகிறவருக்கு ஒருநாளும் கிடைக்காது.

அந்தப் பல்புத் திட்டத்தைப் போல மின்கட்டணத்தோடு தவணை பிடிக்கலாம் என்ற யோசனை இங்கே பலிக்காது. ஒண்டுக்குடித்தனத்தில் மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். குடியிருப்பவர் சப் மீட்டர் பார்த்து அவரிடம் பணம் கொடுப்பார். எனவே திட்டம் ரேஷன் அட்டையைப் பிடித்துத்தான் போக வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி அப்படித்தான் வீடு வீடாகச் சேர்ந்தன. இம்முறை இலவசம் வேண்டாம். நிதி நெருக்கடியில் இருக்கும் மாநிலத்திடம் அதைக் கேட்பதும் சரியில்லை. கூட்டுறவு வங்கிகள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாக வட்டியில்லாத் தவணையில் கொடுத்தால், வாங்குகிறவர்கள் கட்டிவிடுவார்கள். குழுக் கடனைத் தவறாமல் அடைக்கும் பெண்களை வடசென்னையின் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

பேட்டரியைக் கொடுத்துவிட்டு வாரியம் பொறுப்பைக் கைகழுவிவிடும் என்று ஒரு வாதம் வரும். அந்த அச்சம் நியாயமானது. 24 மணி நேரமும் மின்சாரம் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளே சொல்கின்றன. அந்தக் கடமையில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது. ஆனால் வசதியுள்ளவர்கள் இருபது ஆண்டுகளாக இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்கள். அதனால் வாரியம் கெட்டுப்போகும் என்று அப்போது யாரும் கவலைப்படவில்லை. ஏழை வீட்டுக்குப் போகும்போது மட்டும் இந்தக் கவலை எழ வேண்டியதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் மாண்டதை மக்கள் மறக்கவில்லை. இரும்பு பாஸ்பேட் செல்கள் சூட்டை நன்கு தாங்குபவை என்றாலும், பழைய வண்டியிலிருந்து பிரித்த செல்களை ஒட்டி மலிவாக விற்பவர்கள் இந்தத் திட்டத்துக்குள் நுழைந்தால் எல்லாம் பாழாகும். இந்தியத் தர நிர்ணய முத்திரை, ஐந்தாண்டு உத்தரவாதம், பழுதானால் ராயபுரத்திலேயே மாற்றித் தரும் மையம், 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி ஆயுள் முடிந்ததைத் திரும்பப் பெறும் பொறுப்பு ஆகிய அனைத்தும் டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும். ஜிஎஸ்டி மன்றத்தில் பேட்டரி வரியை 5 சதவீதமாக்கக் குரல் கொடுப்பது மாநில நிதியமைச்சரின் வேலை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இதைத் தொடங்க முடியும். நெபுலைசர் இல்லாமல் இரவைக் கடக்க முடியாத ஆஸ்துமா நோயாளிகளும் படுத்த படுக்கையாக இருக்கும் முதியோரும் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீடு வீடாகப் போய்வருகிறார்கள். அவர்களின் பதிவேட்டை வைத்து, இந்த வீடுகளுக்கு மட்டும் தவணையும் இல்லாமல், முதல் பெட்டிகளைக் கொடுத்துத் தொடங்கட்டும்.