வீட்டுக்குள் ஒரு குளம்! வெட்டினால் மட்டும் போதுமா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒருவர் பங்களா கட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். கார் நிற்க இடம் விட்டாகி விட்டது. தோட்டமும் போட்டாகி விட்டது.

"நீச்சல் குளமும் வேண்டும், அப்பா!" என்கிறார்கள் பிள்ளைகள். குளமும் வந்து விடுகிறது.

நீளம் 8 மீட்டர். அகலம் 4 மீட்டர். ஆழம் ஒன்றரை மீட்டர். சிறிய குளந்தான். இது எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் தெரியுமா? 48 ஆயிரம் லிட்டர்!

கிராமத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019-ல் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அதன் கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். அந்தக் கணக்குப்படி, இந்தக் குளத்துத் தண்ணீர் ஒரு குடும்பத்துக்கு 7 மாதம் வரும்!

வசதி உள்ளவர் குளம் வெட்டட்டும். அது குற்றம் அல்ல. நீச்சல் உடம்புக்கு நல்லது. ஆனால் குளத்தைக் கவனிக்காமல் விட்டு, தண்ணீர் பச்சையானதும் திறந்து விட்டு, மறுபடியும் நிரப்பினால்? அதுதான் குற்றம்.

கிணறு வேறு, குளம் வேறு

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகினார்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, தாத்தா தண்ணீரில் இறக்கி விடுவார். ஊற்று சுரந்தது. வயலுக்கு இறைத்தார்கள். தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தது.

சிமெண்டுக் குளத்துக்கு ஊற்று இல்லை. குளித்த தண்ணீரிலேயே மறுபடியும் குளிக்க வேண்டும். ஆகவே பம்பு வேண்டும். மணல் வடிகட்டி வேண்டும். குளத்துத் தண்ணீர் முழுவதும் தினமும் ஒரு முறையாவது வடிகட்டி வழியாகப் போய் வர வேண்டும்.

வடிகட்டி தூசியைப் பிடிக்கும். கிருமியைக் கொல்லாது. அதற்குத்தான் குளோரின். 1000 லிட்டர் தண்ணீரில் 1 முதல் 3 கிராம் வரை குளோரின் எப்போதும் மீதி நிற்க வேண்டும்.

நண்பகல் வெயிலில் போட்டால் குளோரின் வெகு சீக்கிரம் அழிந்து விடும். பொழுது சாய்ந்த பிறகு போடுவதே சிக்கனம்.

புளிப்பா, உவர்ப்பா?

குளோரின் மட்டும் போதாது. தண்ணீரின் குணமும் சரியாக இருக்க வேண்டும். அதை அளப்பதற்கு பி.எச். என்று ஓர் எண் உண்டு. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே போனால் எலுமிச்சைச் சாறு போலப் புளிப்பு. மேலே போனால் சோப்புத் தண்ணீர் போல உவர்ப்பு.

குளத்துக்கு 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம். 8-ஐத் தொட்டால், போட்ட குளோரினில் நாலில் ஒரு பங்குதான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். மீதி மந்தமாகிப் போகும். மிகவும் இறங்கினாலோ கண் எரியும், இரும்பு அரிக்கும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு குளத்துச் சுவரிலும் படியும். ஆகவே சோதனைப் பெட்டி வாங்கி, சொட்டு மருந்து விட்டு, நிறத்தைப் பார்க்க வேண்டும். குளிக்கும் நாளெல்லாம் பார்க்க வேண்டும்.

மருந்து வாடை சுத்தமா?

குளத்தில் மருந்து வாடை தூக்கினால், "ஆகா, சுத்தமான தண்ணீர்!" என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. வேர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்தால்தான் அந்தக் கடுமையான வாடை வரும். சுத்தமான குளத்தில் வாடை அதிகம் இராது.

இதற்கு மருந்து கடையில் இல்லை. இறங்குமுன் நன்றாகக் குளித்துவிட்டு இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

விட்டால் வரும் வினை

வீட்டுக்காரர் வெளியூர் போகிறார். பம்பு நிற்கிறது. தண்ணீர் தேங்குகிறது. எட்டுப் பத்து நாளில் கொசு பறக்கிறது. கொசுவுக்கு மதில் சுவர் தெரியுமா? அடுத்த வீட்டுக் குழந்தையையும் கடிக்கும்.

2024-ல் கேரளத்தில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர்கள் சிலர் மூளைக் காய்ச்சலால் இறந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வாழும் ஒரு வகை அமீபா, மூக்கு வழியாக மூளைக்கு ஏறியதே காரணம். குளோரின் ஒழுங்காக நிற்கும் தண்ணீரில் அது பிழைக்காது. குளத்தைக் கவனிப்பது அழகுக்காக மட்டும் அல்ல, உயிருக்காக!

யார் செய்வது?

"தோட்டக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று வீட்டுக்காரர் ஒதுங்கக் கூடாது. அமிலமும் குளோரினும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டு வகைக் குளோரின் மருந்துகளைக் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும்.

இதைச் சொல்லிக் கொடுக்காமல், கையுறையும் கொடுக்காமல் ஓர் ஏழையை வேலை வாங்குவது நியாயமா? வீட்டுக்காரர் முதலில் தாம் கற்க வேண்டும். பிறகு பிறருக்குக் கற்பிக்க வேண்டும். மருந்து அறைக்குப் பூட்டு வேண்டும். குளத்தைச் சுற்றி வேலியும் வேண்டும்.

பச்சையான தண்ணீரைக்கூடக் காப்பாற்றலாம். சுவரைத் தேய்த்து, குளோரினைக் கூட்டி, சில நாள் பம்பை ஓட விட்டால் பெரும்பாலும் தெளிந்து விடும். உப்பு மிகவும் ஏறினால்தான் மாற்ற வேண்டும். அப்போதும் ஒரு பகுதியை மாற்றினால் போதும்.

சேலம் நகரம் குடிக்கும் காவிரித் தண்ணீர் மேட்டூரிலிருந்து வருகிறது. அங்கே 1934-ல் கட்டி முடித்த அணை நிரம்புமா, நிரம்பாதா என்று ஆண்டுதோறும் உழவர்கள் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் 48 ஆயிரம் லிட்டரைச் சாக்கடையில் விடலாமா?

மாடு வாங்கினால் தினமும் தீனி போட வேண்டும். குளம் வெட்டினால் தினமும் கவனிக்க வேண்டும். முடியாதவர் அந்த இடத்தில் ஒரு மாமரம் வைக்கலாம். பிள்ளைகளுக்கு நிழலும் கிடைக்கும், பழமும் கிடைக்கும்!