பதிவேட்டில் இருப்பவையும் தெருவில் இருப்பவையும்

மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் ஒரு சின்ன அகராதியே சேர்ந்துவிடும். மாதுங்காவில் சமாஜம், சபா. தாராவியில் சங்கம், மன்றம், பேரவை. செம்பூரில் சொசைட்டி. மராத்தி அண்டை வீட்டாரிடமிருந்து வாங்கிக்கொண்ட மண்டல், சன்ஸ்தா எல்லா இடத்திலும். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சாதியோ ஒரு வர்க்கமோ ஊரைவிட்டு வந்த ஒரு தலைமுறையோ நிற்கிறது. அரசாங்கத்தின் கணக்கில் இவை அத்தனையும் ஒன்றுதான்: லாப நோக்கற்ற நிறுவனம்.

அந்தக் கணக்கு மலைக்க வைக்கும். இந்தியாவில் இத்தகைய நிறுவனங்களை முதன்முறையாக எண்ணிப் பார்த்த மத்தியப் புள்ளியியல் அலுவலகம் தன் இறுதி அறிக்கையை 2012-ல் வெளியிட்டது. 2008 வரை பதிவானவை 31 லட்சத்துக்கும் மேல். அதில் மகாராஷ்டிரத்துக்கு முதலிடம்: 4.8 லட்சம். அன்று பிரிக்கப்படாத ஆந்திரம் 4.6 லட்சம், உத்தரப் பிரதேசம் 4.3 லட்சம், கேரளம் 3.3 லட்சம். தமிழ்நாடு 1.4 லட்சம்.

அப்படியானால் தமிழரைவிட மகாராஷ்டிரர்கள் மூன்று மடங்கு தர்ம சிந்தனை உள்ளவர்களா? அவசரப்பட வேண்டாம். இந்த வித்தியாசத்தில் மனதுக்கு உள்ள பங்கைவிடச் சட்டத்துக்கு உள்ள பங்கு குறைவானதல்ல.

தமிழ்நாட்டில் கோயில் இந்து அறநிலையத் துறையின் கீழ் வரும். சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுத் துறையில் பதிவாகும். அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தோடு நின்றுவிடும். மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் அதிகாரி அங்கே கிடையாது. மகாராஷ்டிரத்தில் உண்டு. பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டம் என்று 1950-ல் பிறந்து, இப்போது மகாராஷ்டிரத்தின் பெயரைத் தாங்கியிருக்கும் சட்டம் அவரை உண்டாக்கியது. அவர்தான் சாரிட்டி கமிஷனர். கோயில், மடம், மாதா கோவில், யூதர்களின் ஜெப ஆலயம், பார்சிகளின் அகியாரி, 1860-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான தர்ம காரியச் சங்கம் எல்லாமே அந்தச் சட்டத்தின் பார்வையில் பொது அறக்கட்டளைகள்தாம்.

அந்தப் பட்டியலில் 'தர்மாதா' என்று ஒரு சொல்லும் இருக்கிறது. வியாபாரிகள் பில்லோடு சேர்த்துத் தர்மத்துக்கென்று வசூலிக்கும் சிறு தொகை அது. நம் ஊர்ப் பக்கம் இதற்குப் பெயர் மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று நாடார் வணிகர்கள் எடுத்துவைத்த மகமைப் பணத்தில்தான் விருதுநகரிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் மகமை சமூகத்தின் உள்விவகாரமாக இருந்தது. இங்கே அதன் உடன்பிறப்பைச் சட்டம் பிடித்துப் பதிவேட்டில் எழுதி வைத்தது.

ஆகவே அந்தப் பதிவேடு விசித்திரமான புத்தகம். தென் மும்பையின் ஜஸ்லோக், பாந்திராவின் லீலாவதி போன்ற பெரிய மருத்துவமனைகளை நடத்தும் டிரஸ்டுகளும் அதில் இருக்கின்றன. பத்துக்குப் பத்து அறையில் மூன்று நாளிதழ் போடும் வாசகசாலையும் இருக்கிறது. இதனால் ஏழைகளுக்கு ஒரு நன்மையும் உண்டு. டிரஸ்ட் மருத்துவமனைகள் பத்து சதவீதப் படுக்கைகளைப் பரம ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கியாக வேண்டும். பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த திட்டப்படி 2006 முதல் இது நடைமுறை. தாராவியில் எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும் என்பது வேறு கதை.

எண்ணிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே புள்ளியியல் அலுவலகம் ஆட்களை அனுப்பி முகவரிகளைத் தேடச் சொன்னபோது, போய்ப் பார்த்த சுமார் 22 லட்சத்தில் கண்டுபிடிக்க முடிந்தவை ஏறத்தாழ 7 லட்சம்தான். மற்றவை இடம் மாறியவை, கலைந்து போனவை, அல்லது காகிதத்தில் மட்டுமே வாழ்ந்தவை. நாடு முழுவதிலும் 1970 வரை பதிவானவை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. 1990-க்குப் பிறகு பதிவானவை 22 லட்சத்துக்கும் மேல். வயதான சங்கங்கள் மிகச் சொற்பம். மும்பைத் தமிழர்களின் பழைய அமைப்புகள் பல அந்தச் சொற்பத்தில் அடங்கும்.

அவை முளைத்த மண்ணையும் சொல்ல வேண்டும். ஜோதிராவ் புலே 1873-ல் சத்தியசோதக் சமாஜத்தையும், கோகலே 1905-ல் இந்திய ஊழியர் சங்கத்தையும், என்.எம். ஜோஷி 1911-ல் சோஷியல் சர்வீஸ் லீகையும், பாவுராவ் பாட்டீல் 1919-ல் ரயத் கல்வி நிறுவனத்தையும், அம்பேத்கர் 1924-ல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையையும் தொடங்கிய மாநிலம் இது. ஆனந்தவனமும் கட்சிரோலியின் 'சர்ச்' அமைப்பும் அந்த வரிசையின் தொடர்ச்சி. சங்கம் வைப்பது இங்கே காற்றிலேயே இருந்த பழக்கம்.

மாதுங்காவுக்கு வந்த தென்னிந்திய குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் முதலில் தேடியது கோயில், அடுத்து பள்ளிக்கூடம், பிறகு கச்சேரி. 1923-ல் ஆஸ்திக சமாஜம் வந்தது. 1932-ல் சௌத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி சிறு பள்ளியோடு தொடங்கி, பின்னாளில் சயானிலும் நேருலிலும் கல்லூரிகள் நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. சண்முகானந்தா சபாவின் அரங்கம் 1963-ல் திறந்தது, 1990-ல் தீயில் எரிந்தது, உறுப்பினர்களும் புரவலர்களும் சேர்ந்து மீண்டும் எழுப்பினார்கள். கையெழுத்து, கணக்கு, மினிட்ஸ் புத்தகம் எல்லாம் இவர்களுக்குத் தொழிலாகவே தெரிந்தவை. அலுவலகத்தில் பகலெல்லாம் செய்ததையே மாலையில் சமாஜத்துக்கும் செய்தார்கள். சமாஜங்கள் நிலைத்ததற்கு பக்தியோடு இந்த குமாஸ்தா ஒழுங்கும் காரணம்.

ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் ஆதிதிராவிட மகாஜன சங்கம் கண்டார்கள். நூற்றாண்டு கண்ட பிள்ளையார் கோயிலைக் காத்தார்கள். இறப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊர்ச் சண்டைக்கும் அந்தச் சங்கமே நீதிமன்றமும் வங்கியுமாக இருந்தது. பிறகு வேறு வகை அமைப்புகள் வந்தன. சாதிகளைக் கடந்து சால்வாசிகளைத் திரட்டிய 'ப்ரௌட்' 1979-ல் பிறந்தது. சயான் மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அர்மிதா ஃபெர்னாண்டஸ், குழந்தைகள் வார்டுக்கு வருமுன்பே காப்பாற்றப்பட வேண்டும் என்று 1999-ல் 'ஸ்நேஹா'வைத் தொடங்கினார்.

செம்பூரில் இரண்டு உலகங்கள். ஒரு பக்கம் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும் சேடா நகர் முருகன் கோயிலும். மறுபக்கம் தேவனாரில் டாடா சமூக அறிவியல் கழகம். 1936-ல் பிறந்து, 1954-ல் இங்கே குடிவந்து, தொண்டை ஒரு படிப்பாகவே ஆக்கிய இடம். அதற்குச் சில கிலோமீட்டர் தூரத்தில், எந்தக் கல்லூரிக்கும் போகாத ஒரு தமிழர் வேறொரு பாடம் நடத்தினார். கோலார் தங்கவயலில் பிறந்து பிழைப்புத் தேடி வந்த ஜோக்கின் அற்புதம் அவர். டிராம்பே ஜனதா காலனியில் குப்பை அள்ள யாரும் வராதபோது, பிள்ளைகளைக் கூட்டி அந்தக் குப்பையை நகராட்சி அலுவலகத்திலேயே கொண்டுபோய்க் கொட்டியவர். நெருக்கடி நிலையின்போது 1976-ல் காலனி இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்கு விரட்டப்பட்டார்கள். அதற்கு முன்பே, 1974-ல், அவர் தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனத்தைத் தொடங்கியிருந்தார். 1984-ல் பிறந்த 'ஸ்பார்க்' என்ற பதிவு பெற்ற அமைப்பும், 1986-ல் நடைபாதைப் பெண்கள் தொடங்கிய 'மஹிளா மிலன்' சேமிப்புக் குழுவும் அதோடு கைகோத்தன. ஆள்பலமும் அனுபவமும் சம்மேளனத்திடம். கணக்கும் காகிதமும் ஸ்பார்க்கிடம். அற்புதத்துக்கு 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ; 2018-ல் மறைந்தார்.

அவரிடமிருந்து கற்க வேண்டியது விருதல்ல. அரசாங்கம் எண்ணுவதற்கு முன் நம்மை நாமே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது. தாராவியில் எத்தனை பேர் என்று அதிகாரிகள் தோராயமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சம்மேளனம் 1986-ல் தானே வீடு வீடாக எண்ணி 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் என்று காட்டியது.

இன்று தாராவி மறுபடியும் எண்ணப்படுகிறது. 2022-ல் ஏலத்தை வென்ற அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்த நிறுவனம் சீரமைப்பை நடத்துகிறது. 2024-ல் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதற்கு ஆதாரம் காட்டுவோருக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. மற்றவர்களுக்கு வெளியே. குடும்பத்துக்கு ரேஷன் கார்டு உண்டு, மின்சார பில் உண்டு. சங்கத்துக்கு? அதன் வாசகசாலைக்கு, பால்வாடிக்கு, ஈமக் காரியத்துக்குப் பாத்திரம் அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

இங்கேதான் சாரிட்டி கமிஷனரின் பதிவேடு உயிர் பெறுகிறது. நிர்வாகிகள் மாறினால் 90 நாட்களுக்குள் 'சேஞ்ச் ரிப்போர்ட்' தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். செய்யாவிட்டால் காலமான தலைவரும் ஊர் திரும்பிய பொருளாளருமே காகிதத்தில் சங்கத்தை நடத்திக்கொண்டிருப்பார்கள். அவர்களால் எந்த மனுவும் கொடுக்க முடியாது. பதிவு சரியாக இருந்தால் ஒரு பாதுகாப்பும் உண்டு. கமிஷனரின் அனுமதியின்றி அறக்கட்டளையின் அசையாச் சொத்தை நிர்வாகிகள் விற்க முடியாது. வெளியாரிடமிருந்து மட்டுமல்ல, பேராசை பிடித்த சொந்த நிர்வாகியிடமிருந்தும் சங்கத்தைக் காப்பது அந்த விதிதான்.

பணம் வரும் வழியும் மாறிவிட்டது. 2014 முதல் பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் மாநிலங்களிலேயே மகாராஷ்டிரத்துக்குத்தான் அதிகம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவர்களிடம் அது போய்ச் சேருகிறது. வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய அமைப்பு அதைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதற்கும் 2020-ல் தடை வந்தது. மாதச் சந்தாவில் நடக்கும் சங்கத்துக்கு இரண்டு கதவும் மூடியவைதாம்.

இருந்தும் 2020-ல் தாராவி முடங்கியபோது, எந்தச் சந்தில் எந்தக் கிழவி தனியாக இருக்கிறாள் என்று அறிந்திருந்தவை இத்தகைய சின்ன அமைப்புகளே. 4.8 லட்சம் என்ற எண்ணில் அந்த அறிவு பதிவாகவில்லை. சங்கம் மறைந்தால் அதுவும் மறையும்.

எனவே பெருமை பேசும் ஆண்டு விழா மலரை ஒரு வருடம் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை. தாராவியின் ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் பீரோவைத் திறந்து, 'எஃப்' என்ற எழுத்தோடு தொடங்கும் தன் பதிவு எண்ணைத் தேடட்டும். தணிக்கை நின்றுபோன ஆண்டிலிருந்து கணக்கை எழுதட்டும். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் பிள்ளைகளையும், சேமிப்புக் குழு நடத்தும் பெண்களையும் நிர்வாகக் குழுவில் சேர்த்து, அவர்கள் பெயரில் சேஞ்ச் ரிப்போர்ட் கொடுக்கட்டும். மாதுங்காவின் ஓய்வு பெற்ற கணக்காளர்கள் ரயில் பாதையைத் தாண்டி வந்து இதற்கு ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்தால், மும்பைத் தமிழர் தொண்டுக்கு அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும்.