வீட்டோடு களமும் வேண்டும்

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை ஊவாவின் கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. தப்பியவர்களில் பலர் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கியிருக்க, பூனாகலை மகல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016இல்தான் கையளிக்கப்பட்டன. அன்று முதல் இன்றுவரை மலையக வீடமைப்பு என்றால் எத்தனை வீடு, எத்தனை பேர்ச்சஸ் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் தலைமுறைகளை முடக்கிய லயத்துக்காக யாரும் ஏங்க வேண்டியதில்லை, தனிவீடு உரிமை. ஆனால் காமன் கூத்தில் மாசி அமாவாசை கழிந்து காமன் ஊன்றி, தப்பு முழங்க இரவிரவாக ரதியும் மதனும் ஆடி, கடைசியில் காமன் எரிப்பதற்குத் தோட்டத்துக்கொரு காமன் பொட்டல் வேண்டும். மலைச்சரிவில் சமதரை தானாக மிஞ்சாது. வரைபடத்திலேயே ஒதுக்காத களத்தைப் பிறகு வெட்டியெடுக்கப் போனால் அதுவே அடுத்த மண்சரிவுக்கு வழிவிடும். ஆகவே புதுக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் பொதுக்களமும் மண்டபமும் முதல் நாளிலேயே கட்டடக் கலைஞரின் பொறுப்பாக வேண்டும் என்கிறோம்.

இன்னும் லயத்தில் கிடப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கக் கூத்துக்களம் அவசரமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனினும் களத்துக்கு வேண்டியது பெரும்பணமல்ல, முன்யோசனை. கட்டடக் கலைஞர் வந்தால் தம் ரசனையைத் திணிப்பார் என்ற அச்சத்துக்கும் நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. கண்டி வட்டபுலுவ வீடமைப்பை 1950களில் வடிவமைத்த மினெட் டி சில்வா, அங்கு குடியேறவிருந்த அரச ஊழியர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களின் தேவையையும் பழக்கவழக்கத்தையும் கேட்டறிந்த பிறகே வீட்டு வகைகளைத் தீர்மானித்தார். கண்டி நாட்டுப்புறக் கைவினைஞர்களின் பாய் நெசவுக்கும் அரக்கு வேலைக்கும் தம் கட்டடங்களில் இடம் கொடுத்தவரும் அவரே. அரச ஊழியரிடம் கேட்க முடிந்ததைக் கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் கேட்க முடியாதா?

இளைஞரெல்லாம் கொழும்புக்குப் போய்விட்டார்கள், யாருக்காகக் களம் என்பது இன்னொரு வாதம். சீனாவின் சொங்யாங்கிலும் இதே நிலைதான். அங்கே ஷூ தியன்தியன் என்ற கட்டடக் கலைஞர் கிராமத்துக்குக் கட்டிக்கொடுத்த வெல்ல ஆலை, கரும்புக் காலத்தில் வேலைத்தலம், மற்ற நாட்களில் ஊர் கூடும் அரங்கு. நம் கொழுந்து மடுவங்களும் கைவிடப்பட்ட தொழிற்சாலைகளும் அப்படி ஆகலாம். நிலம் கம்பனிக் குத்தகையில் இருப்பது உண்மைத் தடை. வீட்டுக்கு நிலத்தை விடுவிக்கும் அரசாங்கம் களத்துக்கும் சேர்த்தே விடுவிக்கட்டும். இனி ஊவாத் தோட்டங்களுக்கு வரும் எந்தத் திட்ட வரைபடமும் பெரட்டுக்களத்தில் விரிக்கப்பட்டு, தோட்டத்து மக்கள் பார்த்துத் திருத்திய பின்னரே கேள்விப்பத்திரம் கோரப்பட வேண்டும்.